தூண்டில் பிடிக்கும் கையும் கொசு விரட்டியும்

இந்த இதழில் தூண்டில்காரர்களின் கொசுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: மருந்து பூசிக்கொண்டுதான் கரையில் உட்காருகிறேன். அரை மணி நேரம்கூட ஆகாது, கணுக்காலிலும் காதோரத்திலும் சுருக்கென்று கடிக்கிறது. மருந்து சரியில்லையா, பூசும் விதம் சரியில்லையா?

பெரும்பாலும் பூசும் விதம்தான். அத்தர் போல இரண்டு இடத்தில் தெளித்துவிட்டால் அந்த வாசமே உடம்பைச் சுற்றி வேலி கட்டிவிடும் என்று நினைக்கிறோம். கொசு விரட்டி அப்படி வேலை செய்வதில்லை. தோலை ஒட்டிச் சில சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் அதற்கு வலு. பூசிய இடத்துக்கு நாலு விரல் தள்ளிப் பூசாத தோல் இருந்தால், கொசு அலைந்து பார்த்துவிட்டு அங்கே உட்கார்ந்துவிடும்.

அதிலும் தூண்டில் போட்டவர் கொசுவுக்கு வசதியான ஆள். நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைப் பெண் கொசு தொலைவிலேயே கண்டுகொள்ளும். பக்கத்தில் வந்ததும் வியர்வை வாசம், உடல் சூடு, ஈரம் ஆகியவை வழிகாட்டும். தக்கையைப் பார்த்தபடி அசையாமல், புல் மட்டத்தில் காலை வைத்துக்கொண்டு ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்?

விட்டுப்போகும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: காது மடலின் பின்புறம், பிடரியில் முடி முடியும் கோடு, தலை வகிடு, மணிக்கட்டு, விரல்களின் மேற்புறம், கால்சட்டைக்கும் காலுறைக்கும் இடையே தெரியும் தோல். குனிந்து இரை கோக்கும்போது சட்டை மேலேறி இடுப்பில் ஒரு பட்டை தெரியுமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெளிப்பானைத் தோலிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய ஈரம் தெரியும்வரை தெளித்துப் பரப்புங்கள். தடவித் தேய்க்காமல் விட்டால் புள்ளி புள்ளியாக நின்றுவிடும், இடையிலிருக்கும் தோல் திறந்தே கிடக்கும். முகத்தில் நேரடியாகத் தெளிக்கக் கூடாது. கையில் எடுத்து, கண்ணையும் உதட்டையும் விட்டுத் தடவ வேண்டும். துணிக்கு உள்ளே மறைந்த தோலுக்குப் பூசத் தேவையில்லை. வெட்டுக்காயம், சிரங்கு இருக்கும் இடத்திலும் வேண்டாம்.

கேள்வி: டீட் கலந்த மருந்து பூசிய நாளில் என் ரப்பர் இரைகள் பிசுபிசுத்துப் போயின. குளிர்க்கண்ணாடியும் ஓரத்தில் மங்கிவிட்டது. தற்செயலா?

தற்செயல் இல்லை. டீட் நல்ல கொசு விரட்டி, அதே சமயம் நல்ல கரைப்பானும்கூட. அமெரிக்க ராணுவத்துக்காக 1946-இல் உருவாகி, 1957-இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. இத்தனை ஆண்டுகளாகத் தோலில் ஒழுங்காக வேலை செய்துவருகிறது. ஆனால் தோலுக்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து, தூண்டில்காரரின் பெட்டியிலிருக்கும் பாதிச் சாமானைக் கெடுத்துவிடும்.

பருத்தி, கம்பளி, நைலான் ஆகியவற்றுக்கு அதனால் கெடுதல் இல்லை. ரேயான், ஸ்பாண்டெக்ஸ், பல வகை பிளாஸ்டிக், வண்ணப்பூச்சு, வார்னிஷ் ஆகியவற்றுக்கு உண்டு. மருந்து ஈரம் காயாத விரலால் வண்ணம் பூசிய தக்கையைப் பிடித்தால் விரல் ரேகை அப்படியே அதில் பதியும், பிறகு அந்த இடம் செதிலாக உரியும். ரப்பர் இரை நுனி இளகி, பக்கத்திலிருக்கும் இரையோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் நூல் நூலாக வரும். குளிர்க்கண்ணாடியின் வில்லை மங்கும், கடிகாரத்தின் பிளாஸ்டிக் மூடியும் அப்படியே. தூண்டில் கழியின் வார்னிஷ் பூச்சும் ஒட்டுகிற மாதிரி ஆகிவிடும். ஃப்ளை தூண்டில் (பூச்சி போலக் கட்டிய எடையில்லாத போலி இரையைக் கனமான கயிற்றின் வலுவில் வீசும் முறை) போடுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தக் கயிற்றின் மேலுறை பி.வி.சி. என்பதால் டீட் பட்ட இடத்தில் வெடிப்பு விழும். வீசும்போது கழியின் வளையங்களில் உரசும், சரியாக மிதக்காது. சாதாரண நைலான் நரம்புக்கு அந்தக் கவலை இல்லை.

வழி இரண்டு உண்டு. முதல் வழி, மருந்தை மாற்றுவது. பிகாரிடின் 20 சதவீதம் உள்ளதை வாங்குங்கள். பேயர் நிறுவனம் 1980-களில் உருவாக்கியது இது. மிளகுக் காரத்துக்குக் காரணமான பைப்பரினின் அமைப்பை ஒட்டியது. பிளாஸ்டிக்கைக் கரைக்காது, பிசுக்கு குறைவு, நாற்றமும் அநேகமாக இல்லை. காக்கும் நேரத்தில் டீட்டுக்குச் சளைத்ததில்லை. தூண்டில்காரருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஐ.ஆர். 3535 என்ற மருந்தும் கிடைக்கிறது. தோலுக்கு மென்மையானது என்றாலும் சில பிளாஸ்டிக்குகளை அதுவும் பாதிக்கும், ஆகவே இந்த விஷயத்தில் அது மாற்றாகாது.

இரண்டாவது வழி, டீட்டையே வைத்துக்கொண்டு வேலையின் வரிசையை மாற்றுவது. முதலில் கழியைக் கோத்து, நரம்பை ஏற்றி, முள் கட்டி, தக்கையின் ஆழத்தைச் சரிசெய்து முடித்துவிடுங்கள். பிறகு பெட்டியை மூடிவிட்டுப் பத்துப் பதினைந்து அடி தள்ளிப்போய் மருந்து பூசுங்கள். உருளையை உருட்டித் தடவும் வகை அல்லது மருந்தில் நனைத்த துணித்தாள் வகையானால் உள்ளங்கை நனையாது. தெளிப்பானாக இருந்தால் முன்கையில் தெளித்து மற்ற முன்கையால் தேய்க்கலாம், புறங்கையால் முகத்துக்குத் தடவலாம். கடைசியில் உள்ளங்கையையும் விரல் நுனிகளையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே கழியைத் தொட வேண்டும். கழுவிய தண்ணீரைக் கரை மண்ணில் ஊற்றுங்கள், நீர்நிலையில் வேண்டாம். மருந்துப் புட்டியை இரைப் பெட்டியில் போடாமல் தனிப் பையில் நிமிர்த்தி வையுங்கள். பெட்டிக்குள் கசிந்த ஒரு புட்டி மொத்தச் சேகரிப்பையும் ஒரே இரவில் கட்டியாக்கிவிடும்.

கேள்வி: மருந்து வாடை பட்ட இரையை மீன் தொடாது என்கிறார்கள். உண்மையா?

எந்த மருந்து எவ்வளவு பட்டால் எந்த மீன் விலகும் என்று கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மீன்களுக்கு மோப்பமும் சுவையும் கூர்மையானவை. கெளுத்தி இனங்களுக்கு வாயில் மட்டுமல்ல, மீசையிலும் உடம்பின் தோல் முழுவதிலும் சுவை மொட்டுகள் உண்டு. இரையை வாயில் வாங்காமலே சுவைத்துப் பார்த்துவிடும். மனிதத் தோலிலிருந்து நீரில் கரையும் எல்-செரின் என்ற பொருளுக்கே சால்மன் மீன்கள் மிரண்டு விலகுவது தெரிந்த விஷயம். எனவே பிசையும் மாவு, புழு, மீன் துண்டு போன்ற வாசத்தை நம்பிய இரைகளில் மருந்து படாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். முன்பதிலில் சொன்ன வரிசை இதற்கும் பொருந்தும்.

மாவு இரையைக் கரைக்கு வந்து பிசையாமல் முன்னதாகவே உருட்டி, மூடியுள்ள டப்பாவில் கொண்டுவாருங்கள். மருந்தை மறுபடி பூச வேண்டிய நேரம் வந்தால் தூண்டிலை எடுத்துவிட்டுப் பூசுங்கள். மீனைப் பிடித்துத் திரும்ப விடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீனின் மேலிருக்கும் வழவழப்புதான் அதற்கு நோய்க் காப்பு. மருந்துக் கையால் அதைத் தொடாதீர்கள். கையைக் கழுவி, நீரில் நனைத்த பிறகே பிடியுங்கள்.

கேள்வி: 15, 25, 50 என்று சதவீதம் போட்டு விற்கிறார்கள். எதை வாங்குவது?

சதவீதம் என்பது வீரியத்தின் அளவு இல்லை, எவ்வளவு நேரம் தாங்கும் என்பதன் அளவு. 10 சதவீத டீட் இரண்டு மணி நேரம் போல நிற்கும். 20 முதல் 30 வரை உள்ளது நாலைந்து மணி நேரம் தாங்கும். 50-க்கு மேல் போனால் கூடுதல் நேரம் கிடைப்பதில்லை, சாமான் கெடும் ஆபத்துத்தான் கூடும். 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஒப்பீட்டுச் சோதனையில் 23.8 சதவீத டீட் சராசரியாக 5 மணி நேரம் காத்தது. சிட்ரோனெல்லா எண்ணெய்ப் பூச்சுகள் 20 நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன. மருந்து ஊறிய கைப்பட்டைகள் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு. வியர்த்துக் கொட்டினால், இடுப்பளவு நீரில் இறங்கினால், துண்டால் துடைத்தால் நேரம் சுருங்கும். கடிகாரத்தைப் பார்த்துப் பூசுவதைவிட, கொசு தோலில் உட்காரத் தொடங்கியதுமே மறுபடி பூசுவது சரி.

செடியிலிருந்து எடுத்ததுதான் வேண்டும் என்பவர்களுக்குப் பி.எம்.டி. இருக்கிறது. எலுமிச்சை வாசமுள்ள யூகலிப்டஸ் எண்ணெயைப் பதப்படுத்திப் பெறுவது. கடையில் வாசனை எண்ணெயாக விற்கும் யூகலிப்டஸ் தைலம் வேறு, இது வேறு. லேபிளில் பி.எம்.டி. என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இப்படிப் பதப்படுத்திய எண்ணெய் 30 சதவீதம் உள்ள பூச்சு நாலு மணி நேரம் போலத் தாங்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும்.

கேள்வி: இரண்டு கொசுவத்திச் சுருள் ஏற்றிவைத்தும் பயனில்லை. மொட்டை வெளியில் சுருள் வேலை செய்யாதா?

செய்யும், புகை உங்கள் மேல் படிந்தால். சுருளைக் காலடியில் வைத்துவிட்டு, காற்று அடிக்கும் திசையைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு. புகை நீர்ப்பக்கம் போய்விடும், கொசு முதுகுப்பக்கம் வரும். ஒரு சுருளைக் காற்று வரும் பக்கத்தில் ஒன்றரை மீட்டர் தள்ளித் தரை மட்டத்தில் வையுங்கள். இன்னொன்றை முதலாவதிலிருந்து ஒரு மீட்டர் விலக்கி வையுங்கள். காற்று திசை மாறினால் சுருளும் இடம் மாற வேண்டும். காற்றே இல்லாவிட்டால் புகை நேராக மேலேறிவிடும், காற்று பலமாக அடித்தால் கலைந்துவிடும். மெல்லிய காற்றுதான் அதற்கு ஏற்றது. கூடாரத்துக்குள்ளும் படகின் மூடிய அறையிலும் ஏற்றக் கூடாது, மூச்சுக்குக் கெடுதல்.

கேஸ் குப்பியின் சூட்டில் மருந்து அட்டையை ஆவியாக்கும் கருவிகளும் உண்டு. ஏற்றியதும் பலன் எதிர்பார்க்காதீர்கள், 15 நிமிடமாவது ஆகும். ஓர் அட்டை நாலு மணி நேரம் போல வரும். ஓர் இடத்தில் உட்கார்ந்து பிடிக்கிறவருக்கு நல்லது, ஓடும் படகில் வீண்.

சுருள், அட்டை இரண்டிலும் இருப்பது பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. மனிதருக்கு இந்த அளவில் தொல்லை குறைவு, மீனுக்கு அது கொடிய நஞ்சு. சுருள் துண்டையும் சாம்பலையும் நீரில் தட்டாதீர்கள். மணல் நிரப்பிய தகர டப்பாவில் போட்டுத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். உயிர் இரை வைத்திருக்கும் வாளிக்குக் காற்றுப் பம்பு போட்டிருந்தால் அதைப் புகைக்கு அருகே வைக்கவே வேண்டாம். பம்பு அந்தப் புகையை உறிஞ்சி நேராக நீருக்குள் ஊதிவிடும். இரை மீன்கள் காரணம் தெரியாமல் மல்லாந்து மிதப்பது இதனால்தான் பல தடவை.

எங்களைக் கேட்டால் நடுத்தர பேட்டரி மின்விசிறிக்கு அதிக மதிப்பெண் தருவோம். கொசு மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வலுவற்ற பூச்சி. விசிறிக் காற்றை எதிர்த்து வர அதனால் முடியாது. நம் மூச்சும் வியர்வை வாசமும் கலைந்துபோவதால் அதற்கு வழியும் தெரியாது. விசிறியை முகத்துக்கு வைக்காமல் முழங்காலுக்குக் கீழே படுமாறு பின்பக்கத்திலிருந்து வையுங்கள்.

கேள்வி: துணியில் தெளிக்கும் பெர்மெத்ரின் நல்லதா?

நல்லது, ஆனால் நீர்நிலை ஓரத்தில் பொறுப்போடு பயன்படுத்த வேண்டிய மருந்து. 0.5 சதவீதக் கரைசலைச் சட்டை, கால்சட்டை, காலுறை, தொப்பி ஆகியவற்றின் வெளிப்பக்கத்தில் ஈரம் தெரியும்படி தெளித்து, நிழலில் முழுவதும் காயவிட்டு, பிறகே உடுத்த வேண்டும். சுமார் ஆறு சலவை வரை தாங்கும். தோலில் பூசக் கூடாது, அங்கே அது சீக்கிரமே பலனிழந்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் துணி காயும்வரை நெருங்க விடாதீர்கள், ஈர பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும்.

இதுவும் பைரெத்ராய்டுதான். ஆகவே கரையில் நின்று தெளிப்பது, மீதியை நீரில் கொட்டுவது, அந்தத் துணியை ஆற்றிலோ ஏரியிலோ அலசுவது மூன்றும் கூடாது. இறங்கி நின்று மீன் பிடிப்பவர்கள் நீரில் நனையும் துணிக்கு இதைத் தெளிக்காமல் சட்டைக்கும் தொப்பிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மருந்தில்லாமலே துணி பாதி வேலையைச் செய்யும். தொளதொளப்பாக, நெருக்க நெசவாக இருக்க வேண்டும். உடம்பை இறுக்கும் பின்னல் துணி வழியே கொசு தாராளமாகக் குத்தும். அதன் உறிஞ்சு குழல் இரண்டு மில்லிமீட்டர் போல நீளம், துணிக்கும் தோலுக்கும் இடைவெளி இருந்தால் எட்டாது. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். நிறத்தில் வெளிறியதே மேல். கறுப்பும் சிவப்பும் சில கொசு இனங்களை இழுக்கின்றன. தலையை மூடும் கொசுவலை போடுவதானால் அகல விளிம்புத் தொப்பிக்கு மேல் போடுங்கள், மூக்கிலும் காதிலும் வலை ஒட்டினால் அந்த இடத்திலேயே கடிக்கும். வலை மட்டும் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலை வெளிச்சத்தில் கூசும், தக்கை கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்தால் கொசு குறைவு?

காற்று முகத்தில் படும் திறந்த கரை, படகுத்துறையின் நுனி, மணல் திட்டு. நாணலும் பாசியும் அடைந்த ஓரம், மரநிழல் ஈரம், மாட்டுக் குளம்புக் குழிகளில் நீர் தேங்கிய சேறு ஆகியவற்றை விட்டு விலகுங்கள். மீன் நிறைந்த ஆழ நீரில் கொசுப்புழு பிழைப்பதில்லை, மீனே தின்றுவிடும். மீன் நுழைய முடியாத சில்லறைத் தேக்கங்களில்தான் அது பெருகுகிறது. ஆக, பெரிய ஏரியின் கரையில் கடிக்கும் கொசு அந்த ஏரியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் குட்டையில் பிறந்ததாக இருக்கலாம். உட்காரும் முன் பின்பக்கம் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை சங்கடம் ஒன்று உண்டு. மீன் நன்றாக இரையெடுக்கும் அந்தி நேரமே க்யூலெக்ஸ், அனாஃபிலிஸ் கொசுக்கள் கிளம்பும் நேரம். சூரியன் இறங்குவதற்கு அரை மணி முன்பே பூசிவிடுங்கள், கடி தொடங்கிய பிறகு இருட்டில் தடவினால் இடம் விட்டுப்போகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலை மங்குமுன்னும் கடிக்கும். பகல்தானே என்று விட்டுவிட முடியாது.

இரவு விளக்கைச் சுற்றும் கூட்டத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் பெரும்பகுதி கடிக்காத பூச்சிகள்தான். கண்ணிலும் வாயிலும் விழுவது தொல்லை என்றால் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கைபேசியில் ஒலி எழுப்பும் கொசு விரட்டி, வைட்டமின் மாத்திரை, நீல விளக்குப் பொறி?

மூன்றும் வேண்டாம். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் மீயொலிக் கருவிகளை வெளியில் வைத்துச் சோதித்த 10 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வந்த மதிப்பீடு, கடி குறைந்ததற்குச் சான்றே இல்லை என்று முடித்தது. பி1 மாத்திரையால் கொசு விலகுவதில்லை. நீல விளக்குப் பொறியில் விழுபவை பெரும்பாலும் மீனுக்கு உணவாகும் அப்பாவிப் பூச்சிகள்.

கேள்வி: வெயில் பூச்சும் பூச வேண்டியிருக்கிறது. எது முதலில்? குழந்தையை அழைத்துப் போனால்?

வெயில் பூச்சு முதலில். அது தோலில் ஊறப் பதினைந்து நிமிடம் விட்டு, மேலே கொசு விரட்டி. இரண்டும் கலந்த ஒரே பூச்சை வாங்காதீர்கள். வெயில் பூச்சை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும், கொசு விரட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. டீட் மேலே இருந்தால் வெயில் பூச்சின் காப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதால் நிழலையும் தொப்பியையும் சேர்த்தே நம்புங்கள்.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த விரட்டியும் பூசாமல் வலைக்குள் வையுங்கள். பி.எம்.டி. வகை மூன்று வயதுக்குக் கீழே கூடாது. டீட் என்றால் 30 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். பெரியவர் தன் கையில் எடுத்துப் பூசிவிட வேண்டும். குழந்தையின் உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசவே கூடாது, அடுத்த நிமிடம் அது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் படகு கட்டியிருக்கும் இடத்தில்தான் கொசு அதிகம். ஏன்?

படகுக்குள்ளேயே பாருங்கள். அடித்தட்டில் தேங்கிய மழைநீர், துறையில் முட்டாமலிருக்கத் தொங்கவிட்ட பழைய டயரின் உட்குழி, கவிழ்க்காமல் விட்ட இரை வாளி, தார்ப்பாயின் சுருக்கத்தில் நிற்கும் ஒரு குவளைத் தண்ணீர், இவ்வளவு போதும். வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள்தான். ஆகவே வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் கவிழ்த்து வடிக்க வேண்டும். வெறுமனே ஊற்றினால் போதாது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் பிழைத்திருந்து அடுத்த நீரில் பொரிக்கும். வாளியின் உட்சுவரை முரட்டுத் தேய்ப்பானால் தேய்த்துவிடுங்கள். டயரின் அடியில் மூன்று நாலு ஓட்டை போட்டுவிட்டால் நீரே நிற்காது.

கேள்வி: கடித்த இடம் தடித்து இரண்டு நாள் அரிக்கிறது. எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சோப்பால் கழுவி, குளிர்ந்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் அரிப்பு தணியும். கலமைன் பூச்சு தடவலாம். சொறியாமல் இருப்பதுதான் முக்கியம். மீன் அறுத்த, இரை பிசைந்த நகத்தால் சொறிந்தால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். சிவப்பு பரவிக்கொண்டே போனால், சூடும் வலியும் கூடினால் காட்டிவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால் தாமதிக்கக் கூடாது. டெங்கு பொதுவாகக் கடித்த 4 முதல் 10 நாளில் காட்டும், மலேரியா ஒரு வாரத்துக்குப் பிறகு, சில சமயம் மாதங்கள் கழித்துக்கூட வரும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போடாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும். மருத்துவரிடம் எந்தத் தேதியில், எந்த நீர்நிலையில், பகலிலா இரவிலா உட்கார்ந்தீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையை முதலில் எடுப்பது என்று முடிவுசெய்ய அது அவருக்கு உதவும்.